ஒன்பது கிலோ இருநூறு

"இப்பத்தான் டீச்சர் தூங்குச்சு, அதுவா எந்திரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாரீஸ்வரி பாத்திரம் விளக்கப் பின்பக்கம் போய்விட்டாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பி எடை போட்டால் ஆகாது என்பது அந்தத் தெருவில் யாரும் மீறாத சட்டம். இருபத்தொன்பது வருஷமாக அங்கே பால்வாடி டீச்சராக இருக்கிற ஞானசௌந்தரிக்கு அது தெரியாததல்ல. சுமந்து வந்த தராசைத் தொட்டில் கொக்கியில் மாட்டினாள். கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த துணிப்பையை அதன் அடியில் தொங்கவிட்டு, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். மத்தியானம் மூன்று மணி. இதழினி பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது, முதுகு மட்டும்தான் தெரிந்தது. முதுகைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? சட்டை தொளதொளவென்று கிடந்தது. வளருகிற பிள்ளைக்குப் பெரிதாகத்தான் எடுப்பார்கள், எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள், அதனால் சட்டையில் ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை என்று மனசு முந்திக்கொண்டு சொன்னது. அது முந்திக்கொண்ட விதம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. காலையில் ஆயா பாக்கியம் வாசலைப் பெருக்கிக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள், "நேத்து ரேசன் கடையில மாரி மகளப் பாத்தேன் டீச்சர், மூஞ்சி இத்துனூண்டு ஆயிருச்சு" என்று. அதிலிருந்து ஞானசௌந்தரிக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பைக்குள் இதழினியின் எடை அட்டை இருந்தது. பதினொன்றாம் மாதத்துக்கு நேரே பத்து கிலோ, பன்னிரண்டாம் மாதத்துக்கு நேரே பத்து கிலோ இருநூறு. இரண்டும் அவள் கையெழுத்து. அந்த இரண்டு மாதமும் மாரீஸ்வரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவே இல்லை. தராசைத் தொடாத பிள்ளைக்கு எழுதின எடை அது.

பொய் என்று நினைத்து எழுதவில்லை. யாராவது அப்படி நினைத்து எழுதுவார்களா? மாதக் கடைசி, செல்போனில் எல்லாப் பிள்ளைகளின் எடையையும் ஏற்றியாக வேண்டும், ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது, சூப்பர்வைசர் மேடம் போனுக்கு மேல் போன். ஊருக்குப் போன பிள்ளை, அம்மை வார்த்த பிள்ளை, காதுகுத்துக்குக் கூட்டிப் போன பிள்ளை என்று மாதம் நாலைந்து விட்டுப்போகும். அதற்கெல்லாம் போன மாத எடையோடு இருநூறு கிராம் கூட்டிப் போட்டுக்கொள்வது. வழக்கமாக ஏறுகிற எடை அது. பக்கத்து ஊர் டீச்சரும் அப்படித்தான், அதற்கடுத்த ஊர் டீச்சரும் அப்படித்தான், ஒன்றியக் கூட்டத்தில் டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே பேசிக்கொள்கிற விஷயம். "நம்ம ஊருல பிள்ளைக வராட்டியும் வளரும்" என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், ஞானசௌந்தரியும்தான் சிரித்தாள். வழக்கம் என்ற சொல் எவ்வளவு சௌகரியமானது என்று இப்போது தோன்றியது. பிள்ளைக்கு வழக்கமாக ஏறுகிறது என்றும் சொல்லிக்கொள்ளலாம், டீச்சர்கள் வழக்கமாக எழுதுகிறது என்றும் சொல்லிக்கொள்ளலாம். எப்படிச் சொன்னாலும் தப்பு ஒருத்தர் தலையில் விழாது. இதழினிக்கு முதல் மாதம் எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது, அது ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது மாதம் தயங்கினதாக ஞாபகமே இல்லை. பின்பக்கம் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. பிள்ளை அந்தச் சத்தத்துக்கு அசையவில்லை.

அது அசைய வேண்டும் என்று ஞானசௌந்தரி காத்திருந்தாள், அசையாமல் இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்றும் காத்திருந்தாள். முள் பூஜ்யத்தில் நிற்கிற வரைக்கும் எதுவும் நடந்துவிடவில்லை. தராசின் முகத்தில் கிலோக்கள் வட்டமாக நின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்குப் போன வருஷம் இதே மாதிரி தராசைக் காட்டித்தான் ஒரு வாத்தியார் பாடம் நடத்தினார். ஐந்து பிள்ளைகளின் எடையைக் கரும்பலகையில் எழுதினார், ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்றரை. கூட்டி ஐந்தால் வகுத்தால் ஒன்பது கிலோ நூறு. "இதுதான் சராசரி. இப்பச் சொல்லுங்க, இந்த அஞ்சுல எந்தப் பிள்ளை ஒம்பது நூறு?" என்று கேட்டார். எந்தப் பிள்ளையும் இல்லை. இல்லாத ஒரு பிள்ளையை உண்டாக்கி, அதற்கு எடையும் போட்டு, இருக்கிற பிள்ளைகளையெல்லாம் அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிற வேலை என்று அவளுக்கு அன்றைக்கே பட்டது. வகுப்பில் இருந்த இருபத்தொரு பெண்களையும் உயர வரிசையில் நிற்கச் சொன்னார் அந்த மனுஷன். குட்டையிலிருந்து எண்ணினாலும் பதினொன்று, நெட்டையிலிருந்து எண்ணினாலும் பதினொன்று, அது ஞானசௌந்தரி. நெட்டைக் கடைசியில் நின்ற சகாயமேரியை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டு, "இப்ப வகுப்போட சராசரி ஏறிப்போச்சு, ஆனா நடுவுல நிக்கிற இந்தம்மா நகந்துச்சா?" என்றார். நகரவில்லை. வருஷம் முழுக்க அவளை நடுவம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் பொய்யும் இல்லை. ஏழு பிள்ளைகளில் நாலாவது அவள், வகுப்பில் நடு ரேங்க், பந்தியில்கூட அவளுக்கு நடு இலைதான் வாய்க்கும். அட்டையில் பச்சைப் பட்டைக்குள் ஓடுகிற அந்தக் கோட்டை எல்லோரும் சராசரிக் கோடு என்கிறார்கள், சூப்பர்வைசர் மேடமும் அப்படித்தான் சொல்கிறார். அது நடுக்கோடு. நன்றாக இருக்கிற நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிற பிள்ளை. அதற்கு முன்னால் பாதிப் பிள்ளை நிற்கிறது, பின்னால் பாதிப் பிள்ளை நிற்கிறது, அத்தனையும் நன்றாக இருக்கிற பிள்ளைகள். இதை எத்தனை தாய்மார்களுக்குச் சொல்லியிருப்பாள்! சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கோட்டில் நின்றால் சந்தோஷம், கோட்டை விட்டால் அழுகை, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது.

அவளும் அழுதவள்தான், பிறகென்ன? ஜெபா பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோ. மகளைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. டவுன் டாக்டர் அட்டையைத் தட்டிக் காட்டி, "சராசரிக்கு ரொம்பக் கீழ இருக்கும்மா" என்று சொன்னார். அதை அவர் சொன்ன தோரணையில் தாயையும் சேர்த்துத்தான் கீழே போட்டார். நாத்தனார் அதற்கு மேல். பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுமார்தான்" என்றாள். சராசரிக்குக் கீழே என்றாவது ஒரு கணக்கு இருக்கிறது, சுமாருக்குள் என்ன இருக்கிறது, வாயைக் கோணுவதைத் தவிர? ஆனால் ஜெபா ஒரு நாள் சோர்ந்து படுத்தவள் இல்லை. கோட்டுக்குக் கீழேயே, கோட்டைவிட்டு அதே தூரத்தில், தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனாள். பள்ளிக்கூடத்தில் வரிசையில் முதல் ஆளாக நின்றாள், ஓட்டப்பந்தயத்திலும் முதல் ஆளாக வந்தாள், இன்றைக்கும் ஐந்தடியைத் தொடாத உயரத்தில் இரண்டு பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். அது அவள் இயல்பு. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சொல்கிறது இல்லை இயல்பு. அந்தப் பிள்ளையை நேற்றும் முந்தாநாளும் பார்த்திருந்தால்தான் சொல்ல முடியும். அன்றிலிருந்துதான் ஞானசௌந்தரிக்குக் கோட்டின் மேல் ஒரு பகை வந்தது. சின்னப் பிள்ளைகளின் தாய்மார் கண் கலங்கினால், முள் நிற்கிற இடத்திலிருந்து ஒரு ஐம்பது கிராம், நூறு கிராம் தள்ளி எழுதுவாள். அது கருணை என்று நினைத்திருந்தாள். கருணைக்குப் பழகின கை, பிறகு பிள்ளையே வராதபோதும் எழுதியது. இது ஒரே கைதானே, இதில் எது கருணை எது சோம்பல் என்று யார் பிரித்துச் சொல்வது? கர்த்தரே, அந்தப் பிள்ளை எழுந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மாரீஸ்வரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். இருபத்துமூன்று வயசுதான் இருக்கும், அவளையே இந்தக் கையால் எடை போட்டிருக்கிறாள். "முந்தி இம்புட்டு நேரம் தூங்காது டீச்சர், இப்பத்தான் தூங்கிக்கிட்டே கெடக்கு. ரெண்டு மூணு மாசமா வயித்தால போறதும் நிக்கிறதுமா இருக்கு, இருமல் வேற. பல்லு மொளைக்குதுல்ல?" என்றாள். "சாதாரணம்தானே டீச்சர்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு இன்னொரு தடவையும் கேட்டாள். சாதாரணம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன சொல், அதுவாகவே வரும். வாந்தியா, பல் முளைக்கிறது, சாதாரணம். சளியா, பனிக்காலம், சாதாரணம். சொன்னதும் தாய் முகம் தெளியும், பேச்சு முடியும், எழுந்து போகலாம். இயல்பைச் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளையைப் பார்த்தாக வேண்டும். சாதாரணத்துக்கு அது தேவையில்லை, வாசலில் நின்றே சொல்லிவிடலாம். பதினோரு வருஷத்துக்கு முன் புருஷன் தேவதாஸ் நெஞ்சைத் தடவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபோது, "சாதாரண வாய்வுதான், பூண்டு ரசம் வைக்கிறேன்" என்று சொன்னதும் இவள்தான். ரசம் கொதித்தது. இறக்கி வைத்துவிட்டு டம்ளரோடு வந்தபோது மூச்சு இல்லை. அந்த டம்ளரை யார் வாங்கி வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது, நல்லமிளகு வாசனைதான் இருக்கிறது. ஞானசௌந்தரி, "எந்திரிக்கட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"கோவிச்சுக்கிட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன் டீச்சர்" என்றாள் மாரீஸ்வரி. "ரெண்டு மாசம் நான் ஏன் கூட்டிட்டு வரலைன்னா, அன்னிக்கு நீங்க அத்தனை பேரு முன்னாடி சத்தமாச் சொல்லிட்டீங்க." ஞானசௌந்தரிக்குச் சட்டென்று அந்த நாள் கண்முன் வந்தது. பத்தாம் மாத எடை. எடையை வாயால் சொல்லக் கூடாது, அட்டையில் எழுதி விரலால் காட்ட வேண்டும், கண் பட்டுவிடும், அதுவும் அந்தத் தெருவின் சட்டம். அவளும் மூச்சுவிடாமல் கடைப்பிடித்துவந்த சட்டம். ஆனால் அன்றைக்கு இதழினியைப் பையில் மாட்டியதும் அது போட்ட கூப்பாடு! இரண்டு காலையும் உதைத்து, தராசை ஆட்டி, முள் நிற்கவே விடாமல், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற கத்தல். ஒன்பது கிலோ எண்ணூறில் வந்து நின்றது முள். பத்து மாதப் பிள்ளைக்கு நடுக்கோடே எட்டரையில் இருக்கும்போது! அவ்வளவு சந்தோஷம் வந்துவிட்டது அவளுக்கு. "அடேங்கப்பா, பத்து கிலோ! என்னாடி குடுக்கிற இவளுக்கு?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். வரிசையில் நின்ற பதினாலு தாய்மாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாரீஸ்வரி முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு போனது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டாள். கண் என்பதில் அவளுக்கு நம்பிக்கை இல்லை, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. இருந்தாலும் அவள் வாய் சும்மா இருந்திருந்தால் பிள்ளை வந்திருக்கும். வந்திருந்தால் முள் சொல்லியிருக்கும். கண் பட்டதோ இல்லையோ, வந்து சேர வேண்டிய இடத்துக்கு எல்லாம் சரியாக வந்து சேர்ந்திருந்தது.

அப்போது இதழினி விழித்துக்கொண்டது. அழவில்லை, திரும்பிப் படுத்து, தராசையும் தராசின் கீழே தொங்கிய பையையும் பார்த்துக்கொண்டு கிடந்தது. முகம் சின்னதாகத்தான் போயிருந்தது, ஆயா சொன்ன அளவுக்கு இல்லை என்று முதலில் தோன்றியது, பிறகு அந்த அளவுதான் என்று தோன்றியது. மாரீஸ்வரி தூக்கிச் சட்டையைக் கழற்றினாள். ஞானசௌந்தரி கால்களை ஒவ்வொன்றாக ஓட்டையில் நுழைத்தாள். போன தடவை தொடை சிக்கிக்கொண்டு இழுக்க வேண்டியிருந்தது, இப்போது வழுக்கிக்கொண்டு போனது. கையை எடுத்தாள். பிள்ளை தொங்கியது. உதைக்கவில்லை, கத்தவில்லை, ஆடக்கூட இல்லை. சொல்பேச்சுக் கேட்கிற பெரிய மனுஷி மாதிரி இருந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் முள் இவ்வளவு சீக்கிரமாக நின்று அவள் பார்த்ததில்லை. ஒன்பது கிலோ இருநூறு. ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் இளகிப்போயிற்று. பதின்மூன்று மாதப் பெண்பிள்ளைக்கு நடுக்கோடு எங்கே ஓடுகிறது என்று அட்டையைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். ஒன்பது இருநூறு, கிராம் பிசகாமல். நூறு பிள்ளைகளை நிறுத்தினால் நடுவில் நிற்கிற பிள்ளை. பச்சை, நல்ல பச்சை. செல்போனில் ஏற்றினால் ஒரு எச்சரிக்கை வராது, சூப்பர்வைசர் மேடம் கேட்க மாட்டார், உலகத்தில் எந்த டாக்டரும் இந்த ஒரு எடையை மட்டும் பார்த்துவிட்டு முகம் சுளிக்க மாட்டார். "எப்படி டீச்சர்?" என்று மாரீஸ்வரி மெதுவாகக் கேட்டாள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

சொல்லாமல் அட்டையை எடுத்து விரித்தாள். பேனாவால் புள்ளி வைத்தாள், நடுக்கோட்டின் மேலேயே. பத்தாம் மாதப் புள்ளி மேலே உயரத்தில் நின்றது. அங்கிருந்து இங்கே வரைக்கும் ஸ்கேல் வைக்காமலே கண்ணால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். மூன்று மாதமாகப் பிள்ளை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இறங்குகிற வழியில் நடுக்கோட்டைத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்குத் தாண்டிப் போய்விடும். ஜெபா கோட்டுக்குக் கீழே நின்றாள், ஒரு குறையும் இல்லை. இந்தப் பிள்ளை கோட்டின் மேலேயே நிற்கிறது, ஆனால் இது இதழினி இல்லை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு நல்ல எடை இந்தப் பிள்ளைக்கு நோவு. இத்தனை வருஷம் கோட்டோடு சண்டை போட்டவளுக்கு, கோட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று இதுவரை தோன்றியதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவள் எழுதின இரண்டு புள்ளிகள், பத்து கிலோ, பத்து கிலோ இருநூறு, யோக்கியமாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அட்டையை இப்படியே கொண்டுபோனால் டாக்டர் என்ன நினைப்பார்? போன மாதம் வரைக்கும் நன்றாக இருந்த பிள்ளைக்கு இந்த மாதம்தான் ஏதோ வந்திருக்கிறது, நாலு நாள் மருந்து, போய்விட்டு வா என்பார். மூன்று மாதமாக உள்ளே எதுவோ அரித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? அந்த இரண்டு எடையையும் அடித்தால் இவள் எடை போடாமல் எழுதினது வெளியே வரும். மெமோ வரும், விசாரணை வரும், அடுத்த வருஷம் ரிட்டயர்டு ஆக வேண்டியவள், ஒன்றியக் கூட்டத்தில் சிரித்தவர்களெல்லாம் அப்படியா என்று வாயில் கை வைப்பார்கள். அடிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. அவளுக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளை பையில் தொங்கியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு எடைகளையும் குறுக்கே அடித்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "எடை போடவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "மாரி, இந்த ரெண்டு மாசமும் நீ வரல. நான் போடாமலே எழுதிட்டேன். என் தப்பு" என்றாள். மாரீஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. அடித்ததைப் பார்த்தாள், டீச்சர் முகத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பையிலிருந்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "அப்ப... இளைச்சிருக்கா டீச்சர்?"

"அன்னிக்கு என் கண்ணுதான் பட்டுச்சுன்னே வச்சுக்கம்மா. அதே வாயால இப்பவும் சத்தமாவே சொல்றேன். ஒம்பது கிலோ இருநூறு. வேற பிள்ளைன்னா நல்ல எடைன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். உன் பிள்ளைக்கு இது நல்ல எடை இல்ல. துணிய மாட்டு, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாரேன், என்ன நடந்துச்சுன்னு டாக்டர்ட்ட நானே சொல்லணும்."

மாரீஸ்வரி அழுதுகொண்டே பால் பாட்டிலையும் இரண்டு துணியையும் பையில் திணித்தாள், புருஷனுக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. தராசைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. வெளியே வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. தெருமுனையில் ஆட்டோவுக்குக் கை காட்டும்போது எதிர்வீட்டுப் பேச்சித்தாய் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள். "என்ன டீச்சர், பாப்பாவுக்கு என்ன?" என்று கேட்டாள். சாதாரணம் என்கிற பழைய சொல் பழைய இடத்திலிருந்து எழுந்து தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் முகம் தெளிந்துவிடும், குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

"தெரியலம்மா" என்றாள் ஞானசௌந்தரி. "அதான் பாக்கப் போறோம்." ஆட்டோ கிளம்பியது. இதழினியின் உள்ளங்காலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். உதைக்குமா என்று ஆஸ்பத்திரி வரைக்கும் அழுத்திப் பார்த்துக்கொண்டே போனாள்.